மெஷின் சத்தத்துக்கு நடுவே சிரிப்புச் சத்தம்

திருப்பூரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும்: ‘சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள், செக்கிங், கைமடி ஆட்கள் உடனடியாகத் தேவை’. 1996-ல் அப்படி ஒரு நோட்டீஸைப் பார்த்துத்தான் நான் கைமடியாக வேலைக்குப் போனேன். டெய்லர் தைத்துத் தள்ளுகிற பீஸை எடுத்து, நூலை வெட்டி, மடித்து, எண்ணி அடுக்குகிற வேலை. அப்புறம் ஓவர்லாக், பேட்லாக் என்று தையல் மெஷின்களை ஒவ்வொன்றாகப் பழகினேன். பிறகு ஒரு லைனுக்கு, அதாவது பீஸ் கைமாறிப் போகிற ஒரு மெஷின் வரிசைக்கு, சூப்பர்வைசர் ஆனேன். இப்போது ஆறு லைன், 210 பேர் இருக்கிற ஒரு எக்ஸ்போர்ட் யூனிட்டில் தையல் தளம் முழுவதும் என் பொறுப்பு.

போன மாதம் பக்கத்து யூனிட்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். புதிதாக மேனேஜராகச் சேர்ந்தவர். எங்கள் தளத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “ஏனுங்க அக்கா, உங்க ஆளுங்க சிரிச்சுப் பேசிட்டே வேலை செய்யறாங்க, பீஸும் போயிட்டே இருக்குது. எங்க யூனிட்ல எல்லாரும் உம்முன்னு இருக்காங்க. என்னுங்க பண்றீங்க?” என்று கேட்டார். ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் அதைச் சொல்லி முடிக்க முடியவில்லை. அவரிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது பனியன் கம்பெனி. உங்களுடையது கடையாகவோ ஆபீஸாகவோ இருந்தால், பொருந்துகிறதை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எடுக்க வேண்டியதை எடுங்கள்

கேக், பலூன், மைக் செட் என்று ஆரம்பிப்பதற்கு முன்னால், உங்கள் ஆட்களின் முகம் எந்த நேரத்தில் வாடுகிறது என்று ஒரு வாரம் நோட்டில் எழுதிப் பாருங்கள். நான் முன்பு வேலை செய்த ஒரு கம்பெனியில் லைனுக்கு ஒரே ஒரு பாத்ரூம் டோக்கன் இருந்தது. முப்பது பேருக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை. ஒருத்தி போய்விட்டு வந்து அதை ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் எழுந்திருக்க முடியும். மாதவிடாய் நாட்களில் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டே தைத்திருக்கிறேன். அதே கம்பெனியில் தீபாவளிக்கு முன்னால் மேடை போட்டு, ஆர்கெஸ்ட்ரா வைத்து, எல்லாரையும் சந்தோஷமாகக் கை தட்டச் சொன்னார்கள். தட்டினோம். லீவு முடிந்து வந்து பார்த்தால் டோக்கன் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் கைக்கு ஒரு லைன் வந்தவுடன் நான் செய்த முதல் வேலை, பாத்ரூம் போக யாரையும் கேட்க வேண்டாம் என்று சொன்னதுதான். யாரும் அதைத் தவறாகப் பயன்படுத்தவில்லை. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவள் எதற்குப் பாத்ரூமில் போய் உட்காரப் போகிறாள்?

அடுத்தது சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் வாங்குவது இந்த ஊர் வழக்கம். அந்தக் காசை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமைக் கறியும், மளிகையும், சீட்டுப் பணமும். சனிக்கிழமை வர வேண்டிய காசு செவ்வாய்க்கிழமை வருகிற இடத்தில் நீங்கள் என்ன விளையாட்டு வைத்தாலும் எரிச்சல்தான் மிஞ்சும். ஓய்வு நேரமும் அப்படித்தான். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். அந்த நேரம் அவர்களுக்குச் சொந்தம். இங்கே நான் சொல்கிற எதையும் சாப்பாட்டு நேரத்தைப் பிடுங்கிச் செய்யாதீர்கள். ஷிப்ட் முடிந்தபின் ஆட்களை நிறுத்தி வைத்தும் செய்யாதீர்கள். ஐந்தரைக்கு பஸ் ஏறினால்தான் பிள்ளை டியூஷனிலிருந்து வருவதற்குள் வீட்டில் இருக்க முடியும் என்று கணக்குப் போட்டு ஓடுகிற பெண்களிடம் ‘இன்னும் பத்து நிமிஷம் ஜாலியா இருந்துட்டுப் போங்க’ என்று சொல்வது கொடுமை.

மூன்றாவது, கத்தல். பனியன் கம்பெனி சூப்பர்வைசர் என்றாலே தொண்டை பெரிதாக இருக்க வேண்டும் என்று ஒரு நினைப்பு உண்டு. மெஷின் சத்தத்தில் ஒரு மூலையிலிருந்து பேர் சொல்லிக் கத்தினால் லைனில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். தப்பு செய்தவளுக்குக் காது மடல் சிவந்துபோகும். அன்றைக்கு முழுவதும் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. நான் ஆறு சின்னப் பிளாஸ்டிக் முக்காலி வாங்கி, சூப்பர்வைசருக்கு ஒன்று என்று கொடுத்தேன். யாருடைய தையலில் குறை இருந்தாலும் முக்காலியை எடுத்துக்கொண்டு போய் அவள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து, பீஸை மடியில் விரித்து, மெதுவாகச் சொல்ல வேண்டும். முதல் மாதம் இரண்டு பேருக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. உட்கார்ந்து பேசும்போது கத்த வராது என்பது அவர்களுக்கே தெரிந்துபோன பிறகு, முக்காலியை யாரும் இரவல் கேட்டால்கூடக் கொடுப்பதில்லை.

இவ்வளவும் செய்தாலே தளம் பாதி மாறிவிடும். பேச்சுச் சத்தம் தானாக வரும். அப்புறம்தான் மற்றது.

பாட்டு யார் கையில்?

ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை என்பார்கள். ஏற்றம் இறைத்தவர்களும், நாற்று நட்டவர்களும், சுண்ணாம்பு இடித்தவர்களும் பாடிக்கொண்டேதான் வேலை செய்தார்கள். கை ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மனசுக்கு ஒரு பிடிமானம் வேண்டும். திருப்பூரில் பவர் டேபிள் என்கிற சின்னத் தையல் கூடத்தில்கூட ஒரு ஸ்பீக்கர் தொங்கும். எங்கள் தளத்திலும் தூணுக்குத் தூண் ஸ்பீக்கர் இருந்தது. ஆனால் பாட்டு ஆபீஸ் ரூமில் இருந்த ஒருவரின் போனிலிருந்து வந்தது. அவருக்குப் பிடித்த ஐம்பது பாட்டு, வருஷம் முழுவதும். மூன்றாவது மாதத்துக்குமேல் அது யார் காதிலும் ஏறவில்லை.

எங்களுக்கு ஆறு லைன். வேலை நாளும் ஆறு. லைனுக்கு ஒரு நாள் என்று பிரித்தோம். திங்கட்கிழமை முதல் லைன், செவ்வாய்க்கிழமை இரண்டாவது லைன், அப்படியே சனிக்கிழமை வரைக்கும். அன்றைக்கு என்ன பாட்டு என்பது அந்த லைனின் முடிவு. நூல் கோன் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, தண்ணீர் டிரம் பக்கத்தில் வைத்தோம். பாட்டு வேண்டும் என்கிறவர்கள் சீட்டில் எழுதிப் போடலாம். யாருக்காகக் கேட்கிறோம் என்றும் எழுதலாம். 11 மணி டீக்கும் 4 மணி டீக்கும் அந்த லைனிலிருந்து ஒருத்தி மைக்கில் சீட்டைப் படிப்பாள்.

அந்தப் பெட்டி வந்து இரண்டாவது மாதம். எட்டு வருஷமாக ஓவர்லாக் தைக்கிற அக்கா ஒருவர், வேலைக்கு வந்தால் தலை நிமிராதவர், ஒரு சீட்டுப் போட்டிருந்தார். நோட்டிலிருந்து கிழித்த தாளில், எழுத்துக்கு எழுத்து அழுத்தி எழுதிய பெரிய எழுத்து. ‘என் மகள் பன்னண்டாவது பாசு. எதாவது நல்ல பாட்டாப் போடுங்க.’ எழுதியவர் பேர்கூட இல்லை. மைக்கில் படித்த பெண்ணுக்கு அந்தக் கையெழுத்து தெரிந்திருந்தது. பேரைச் சொல்லிவிட்டாள். எல்லாரும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். அந்த அக்கா டம்ளரை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் சீலிங் ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் காலையில் முந்தானையில் முடிந்து தேன்மிட்டாய் கொண்டு வந்து, ஆறு லைனுக்கும் நடந்து நடந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அவர் மகளுடைய மார்க் என்ன என்று இன்றைக்கும் தளத்தில் பலருக்குத் தெரியும்.

பாட்டு விஷயத்தில் சில ஏற்பாடுகள் அவசியம். காலை முதல் இருபது நிமிஷம் பக்திப் பாட்டு என்றால் முருகன், மாதா, நாகூர் மூன்றுக்கும் முறை வைக்க வேண்டும். முறை வைக்காவிட்டால் யாரோ ஒருவர் தினமும் மனசு சுருங்கி உட்கார்ந்திருப்பார், வாய் திறந்து சொல்லவும் மாட்டார். பெண்களைக் கொச்சையாகப் பேசுகிற பாட்டு வேண்டாம் என்று எந்த லைனில் ஒருத்தி கை தூக்கினாலும் நிறுத்திவிட வேண்டும். சத்தம், பக்கத்து மெஷின்காரியிடம் பேசினால் காதில் விழுகிற அளவுக்குத்தான். இயர்போனுக்கு அனுமதி இல்லை. தீ அலாரம் அடித்தாலும் மெக்கானிக் கூப்பிட்டாலும் காதில் விழ வேண்டும்.

டிரிம்மிங் மேஜையில் பேப்பர் படிப்பது

இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. எங்கள் பழைய மெஷின் மெக்கானிக் கண்ணூர்க்காரர். அவர் அப்பா பீடி சுற்றியவர். கண்ணூர்ப் பக்கம் பீடிக் கம்பெனிகளில் எல்லாரும் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் செய்தித்தாளையும் புத்தகத்தையும் சத்தமாகப் படிப்பாராம். படிக்கிறவருக்கு அந்த நேரத்தில் கூலி போய்விடுமே? அதற்காக மற்றவர்கள் தங்கள் பீடியிலிருந்து கொஞ்சம் எடுத்து அவர் கணக்கில் சேர்ப்பார்கள். 1969-ல் தொடங்கிய தினேஷ் பீடிக் கூட்டுறவுச் சங்கத்திலும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. பள்ளிக்கூடம் போகாத அப்பா உலக நடப்பெல்லாம் பேசுவார் என்று மெக்கானிக் சொல்லும்போது அவர் குரலே மாறிவிடும்.

தையல் லைனில் இது நடக்காது, மெஷின் சத்தம் விடாது. செக்கிங் மேஜையிலும் வேண்டாம், அங்கே கண்ணும் கவனமும் பீஸில் இருக்க வேண்டும். டிரிம்மிங் மேஜை சரியான இடம். பதினான்கு பேர் வட்டமாக நின்று நூல் வெட்டுகிறார்கள். கைக்கு வேலை தெரியும், காது சும்மாதான் இருக்கிறது. மதியம் இரண்டரைக்கு, தூக்கம் கண்ணைச் சுற்றுகிற நேரத்தில், ஒருத்தி உட்கார்ந்து தினத்தந்தியைப் படிப்பாள். இருபது நிமிஷம். மற்ற பதின்மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு பீஸ் அவள் பண்டலில் சேர்த்துவிடுவார்கள். தினம் ஆள் மாறும். படிக்கத் திணறுகிறவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க நேரம் கொடுப்போம், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஆறு மாதத்தில் ஒரு கைமடிப் பெண் தலைப்புச் செய்தியைத் தடுக்காமல் படித்தாள்.

பேப்பர் முடிந்தால் விடுகதை. ‘ஊசி நுழையாத கிணற்றில் ஒரு சொட்டுத் தண்ணீர்’ என்று ஒருத்தி போட, ஊசியோடு பிழைக்கிறவர்கள் அத்தனை பேரும் யோசித்தார்கள். விடை தேங்காய். இப்போது அவர்களே புதிதாகக் கட்டுகிறார்கள். பெரும்பாலும் என்னைப் பற்றியும் ஸ்டீம் அயர்ன் பாக்ஸைப் பற்றியும்தான் இருக்கும்.

போசி

சாப்பாட்டு நேரம் நம்முடையது இல்லை என்று சொன்னேன். அதனால் இங்கே மேனேஜ்மென்ட் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். நல்ல இடம், கழுவிய தரை, விரிக்கப் பாய், ஃபேன், குடிக்கத் தண்ணீர். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்களிடம் புதன்கிழமை ‘போசி நாள்’. போசி என்றால் எங்கள் பக்கம் சாப்பாட்டுப் பாத்திரம். சேருகிறவர்கள் சேரலாம். கொண்டு வந்த சாப்பாட்டில் ஒரு கரண்டியை நடுவில் இருக்கிற தாம்பாளத்தில் வைத்துவிட வேண்டும். முதலில் போசியையே மாற்றிக்கொள்வது என்று வைத்தோம், அது சரிப்படவில்லை. வெறும் சோறும் ஊறுகாயும் கொண்டு வந்தவள், தன் போசி யார் கைக்குப் போகுமோ என்று குறுகிப்போனாள். தாம்பாளத்தில் கலந்துவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. காங்கேயத்துக்காரியின் அரிசியும் பருப்பும் சாதம், மதுரைப் பக்கத்துப் பெண்ணின் புளிச்சோறு, ஒடிசாப் பிள்ளைகள் கொண்டு வருகிற பகாள, அதாவது நம் பழைய சோறுதான், கூடவே மசித்த உருளைக்கிழங்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். யார் வீட்டுச் சோறு என்று பார்த்து ஒதுங்குகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அதற்கு நான் கூட்டம் போட்டுப் பேசவில்லை. புதன்கிழமை தவறாமல் பாயில் உட்கார்ந்து, தாம்பாளத்தில் முதல் கை என்னுடையதாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். பொறுப்பில் இருக்கிறவர் இதைச் செய்தே ஆக வேண்டும். தள்ளி உட்கார்ந்த சிலர் வருஷக் கடைசிக்குள் பாய்க்கு வந்தார்கள். வராதவர்களும் உண்டு, அவர்களுக்காகப் புதன்கிழமையை நிறுத்தவில்லை.

கேரம் போர்டு வாங்கினால் இரண்டாக வாங்குங்கள். ஒன்று வாங்கினால் அது கட்டிங் செக்‌ஷன் பையன்களுடையதாகிவிடும்.

போட்டி வைத்து நான் செய்த தப்பு

லைனுக்கு லைன் போட்டி வைப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றுகிற யோசனை. நானும் வைத்தேன். வாரம் முழுவதும் அதிக பீஸ் எடுக்கிற லைனுக்கு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். முதல் இரண்டு வாரம் ஒரே கும்மாளம். மூன்றாவது வாரம் நான்காவது லைனில் ஒரு அக்கா இரண்டு நாள் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது, தைலம் தேய்த்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார். “என்னாலதான் டம்ளர் போச்சுன்னு பேசிக்கிறாங்கக்கா” என்றார். யாரும் கெட்டவர்கள் இல்லை. முன்னால் இருக்கிறவள் மெதுவாகத் தைத்தால் பின்னால் இருக்கிறவளுக்கு வேலை வராது, லைன் என்றால் அப்படித்தான். அந்த இடத்தில் போட்டியைக் கொண்டு போய் வைத்தது நான். அன்றைக்கே நிறுத்தினேன். டம்ளரை எல்லா லைனுக்கும் கொடுத்துவிட்டோம்.

அதற்குப் பதிலாக வைத்தது இப்போதும் ஓடுகிறது. தளம் முழுவதற்கும் ஒரே கணக்கு. குறையைச் சரி செய்யச் சொல்லி செக்கிங்கிலிருந்து திரும்பி வருகிற ஆல்ட்டர் பீஸ் ஒரு நாளைக்கு 60-க்குள் இருந்தால், மறுநாள் 4 மணி டீக்கு எல்லாருக்கும் சுண்டல். பத்து கிலோ கொண்டைக்கடலை ஊற வைத்தால் 210 பேருக்குத் தாராளமாக வரும். போர்டில் லைன் பேர் இருக்காது, ஆள் பேர் இருக்காது, ஒரே ஒரு எண்தான். இப்போது கை வலிக்கிறவளைப் பார்த்தால் பக்கத்தில் இருக்கிறவள் பண்டலில் பாதியை இழுத்துக்கொள்கிறாள். சாயங்காலம் எண் 58, 59 என்று நிற்கும்போது செக்கிங் மேஜையைச் சுற்றிக் கூட்டம் கூடுவதைப் பார்க்க வேண்டும்!

பிறந்தநாளும் விசேஷ நாளும்

பிறந்தநாளுக்கு கேக் வெட்டுவது ஆபீஸ்களில் வழக்கம். எங்கள் தளத்தில் ஆதார் அட்டையைப் பார்த்தால் ஏகப்பட்ட பேர் ஜனவரி 1-ல் பிறந்திருக்கிறார்கள். உண்மையான தேதி யாருக்கும் தெரியாது. அதனால் நாங்கள் சொன்னது: உங்களுக்குப் பிடித்த ஒரு தேதியைச் சொல்லுங்கள். கல்யாண நாள் சொன்னவர்கள் உண்டு. வீட்டுக் கடனை அடைத்த நாளைச் சொன்னவர் உண்டு. கணவரை விட்டுப் பிரிந்து வந்த நாளைச் சொன்ன ஒரு பெண்ணும் உண்டு. காரணம் கேட்பதில்லை. அந்த நாளில் அவருக்கு ஒரு தட்டில் கேசரி, அவர் கேட்கிற பாட்டு, 4 மணிக்கே வீட்டுக்குப் போகலாம், சம்பளம் முழுசாக. அந்த ஒன்றரை மணி நேரம்தான் பெரிய பரிசு என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

இதற்காக ஆட்களிடம் வசூல் செய்யவே கூடாது. இருபது ரூபாய்தானே என்று தட்டை நீட்டினால் கொடுக்க மறுக்க யாருக்கும் முடியாது. வாரத்துக்கு மூன்று தட்டு வந்தால் ஒரு நாள் பஸ் காசு போய்விடும். செலவு கம்பெனியுடையது, இல்லையென்றால் செலவில்லாததாகப் பார்த்துச் செய்யுங்கள்.

ஆயுத பூஜைக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். திருப்பூருக்கு அது தீபாவளிக்கு இணையான நாள். பல கம்பெனிகளில் முதலாளி வருவார், ஐயர் வருவார், சாமி படத்துக்குப் பூஜை நடக்கும், ஆட்கள் பின்னால் நின்று பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார்கள். நாங்கள் முந்தின நாள் மதியத்தோடு உற்பத்தியை நிறுத்திவிடுவோம். அவரவர் மெஷினை அவரவர் துடைத்து, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, இஷ்டம்போல அலங்காரம் செய்துகொள்ளலாம். கலர்த் தாளுக்கும் பூவுக்கும் எல்லாருக்கும் சமமாகப் பணம். ஒருத்தி வெட்டிப்போட்ட பனியன் துணியிலேயே ரோஜாப்பூ செய்து மெஷினை மூடிவிட்டாள். சாமி கும்பிடாதவர்களும் வேறு மதத்துக்காரர்களும் மெஷினைத் துடைத்து, தங்கள் பேரை எழுதி வைப்பார்கள்.

பூஜை அன்றைக்கு வீட்டு ஆட்கள் வரலாம். தளத்துக்குள் பிள்ளைகள் வருவது அந்த ஒரு நாள்தான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஊசிகளைக் கழற்றிவிட்டுத்தான் கதவைத் திறப்போம். போன வருஷம் மூன்றாவது படிக்கிற ஒரு பையன் அம்மாவின் பேட்லாக் மெஷினில் உட்கார்ந்தான். கால் பெடலுக்கு எட்டவில்லை. “நீ இதுலயாம்மா நாள் பூராத் தைப்ப? முதுகு வலிக்காதா?” என்று கேட்டான். அந்தப் பெண் பதில் சொல்லாமல் அவன் தலையில் கை வைத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த வாரம்தான் முதுகு சாய்கிற நாற்காலிக்கு முதலாளியிடம் எழுதிக் கொடுத்தேன். பாதி லைனுக்கு வந்துவிட்டது, மீதிக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கற்பூரத்தை வெளியே காட்டுங்கள். பஞ்சும் துணித் தூசியும் பறக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது. தோரணம் வெளியேறும் வழியையும் தீயணைப்பான் சிலிண்டரையும் மறைக்கக் கூடாது. பூசணிக்காய் உடைத்தால் கையோடு அள்ளிவிடுங்கள், வண்டியில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள்.

எங்கள் ஹாஸ்டலில் ஒடிசாப் பெண்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள். இரண்டு வருஷம் முன்பு, ஜூன் மாதம் நடுவில் அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாடிப்போயிருந்ததைப் பார்த்தேன். விசாரித்தால், ஊரில் ‘ரொஜோ’ பண்டிகை. மூன்று நாள் பூமித்தாய்க்கு மாதவிடாய் என்று நம்பிக்கை. அந்த நாட்களில் மண்ணை உழ மாட்டார்கள், பெண்களுக்கு வேலை கிடையாது, புதுத்துணி உடுத்தி, மரத்துக்கு மரம் ஊஞ்சல் கட்டி ஆடுவார்கள், போடா பிட்டா என்று ஒரு பலகாரம் செய்வார்கள். அந்த மூன்று நாளும் இவர்கள் இங்கே இரவு எட்டரை வரை தைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. மறு வருஷம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, மற்ற இரண்டு நாளும் ஐந்தரையோடு வேலை முடிவு என்று பேசி வாங்கினேன். கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தில் தேங்காய் நார் வடத்தில் ஊஞ்சல் கட்டினோம். நைலான் கயிறு கையை அறுக்கும். கட்டிங் மேஜையின் பழைய பலகைதான் உட்காரும் பலகை. முதல் நாள் ஒடிசாப் பிள்ளைகள் ஆடினார்கள். இரண்டாவது நாள் எங்கள் ஊர் அக்காமார்கள் வரிசையில் நின்றார்கள். ஆட்டி விட்டவள் ஒடியாவில் பாட, ஊஞ்சலில் இருந்தவள் தமிழில் பாட, இரண்டும் ஒன்றாகவே போயிற்று.

எதைச் செய்யக் கூடாது

கட்டாயம் கூடாது. ஆடு, பாடு என்று யாரையும் பிடித்து இழுக்காதீர்கள். ஓரமாக நின்று பார்ப்பதும் சிலருக்குச் சந்தோஷம்தான். ஞாயிற்றுக்கிழமை டூர் என்று சொல்லி வாரத்தில் கிடைக்கிற ஒரே துணி துவைக்கிற நாளைப் பறிக்காதீர்கள். கேலி என்கிற பேரில் நிறம், உடம்பு, சாதி, குழந்தை இல்லாதது பற்றிப் பேசுகிறவரை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பெண்களிடம் ‘சும்மா விளையாட்டுக்கு’ என்று எல்லை மீறினால் அது விளையாட்டு இல்லை. பத்துப் பேர் வேலை செய்கிற இடமானாலே புகார் கேட்கக் குழு வேண்டும் என்று 2013-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழுவில் இருக்கிறவர்கள் யார் என்பது உங்கள் தளத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெஷின் ஓடும்போது யாரும் யாரையும் தொட்டு விளையாடக் கூடாது, ஊசிக்கு விளையாட்டு தெரியாது. எந்தக் கொண்டாட்டத்தையும் அனுமதி இல்லாமல் வீடியோ எடுத்து வெளியில் போடாதீர்கள்.

அந்தத் தம்பிக்குச் சொன்ன முதல் வாரம்

திங்கட்கிழமை எதுவும் செய்யாமல் தளத்தில் நடந்து பாருங்கள். பாத்ரூம், தண்ணீர், ஃபேன், சாப்பிடும் இடம் நான்கையும் நீங்களே பயன்படுத்திப் பாருங்கள், ஆபீஸ் பாத்ரூமுக்குப் போகாதீர்கள். செவ்வாய், புதன் இரண்டு நாளில் அதில் ஒன்றையாவது சரி செய்துவிடுங்கள். சொல்லிவிட்டுச் செய்ய வேண்டாம், செய்தால் போதும், கண்ணில் படும். வியாழக்கிழமை முக்காலி வாங்குங்கள். வெள்ளிக்கிழமை பாட்டை உங்கள் போனிலிருந்து எடுத்து முதல் லைனிடம் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை சம்பளத்தை நேரத்துக்குப் போடுங்கள்.

அட்டைப்பெட்டியை அடுத்த திங்கட்கிழமை வையுங்கள். முதல் வாரம் காலியாகத்தான் இருக்கும். இரண்டாவது வாரம் யாராவது மிட்டாய்த் தாள் போட்டிருப்பார்கள். எடுக்காதீர்கள், அப்படியே இருக்கட்டும். பென்சிலை மட்டும் நல்ல தடித்த நூலில் பெட்டியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், எங்களிடம் முதல் மாதத்தில் ஏழு பென்சில் காணாமல் போயிற்று.